அண்டார்டிகாவில் நின்ற கரடி

குருவம்மாளை இந்தப் பக்கங்களில் 'அவர்' என்றுதான் எழுதப்போகிறேன். என்னைப் பெரிய மரியாதைக்காரன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சிவகாசியில் ஒரே பிரஸ்ஸில் மூன்று வருடம் வேலை பார்த்தபோது, என்னைவிட ஏழு வயது மூத்த அந்த மனுஷியை "ஏ குருவம்மா, இங்கன வா" என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை 'சார்' என்பார். எங்கள் பிரஸ்ஸில் சட்டையைப் பேண்டுக்குள் விட்டவன் எல்லாம் சார்தான். நான் போதாக்குறைக்கு பி.ஏ. புவியியல் வேறு.

என் பெயர் பால்பாண்டி. சொந்த ஊர் மல்லாங்கிணறு. அப்பாவுக்கு மானாவாரி நிலம் இருக்கிறது, மழைதான் இல்லை. பிரஸ்ஸில் பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்குமே, அந்தச் சார்ட்டுகளை அச்சடிப்போம். மனித இதயம், தேசத் தலைவர்கள், பறவைகள், நல்ல பழக்கங்கள் என்று நூறு வகை. அவற்றில் வரும் எழுத்தை எழுதுவதும், எந்தப் படம் எங்கே என்று தாளில் குறித்துக் கொடுப்பதும் என் வேலை. தப்பு வந்தால் அது என் தலையில்தான் விடிய வேண்டும். இந்தக் கதையில் அப்படி விடியவில்லை.

குருவம்மாள் ஆமத்தூர்க்காரர். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். இவர் ஆறு வயதிலேயே வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட ஆரம்பித்துவிட்டார். எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் பாதி, பசைக் கிண்ணம் பாதி. உலகத்து மிருகங்கள் எல்லாம் அவருக்குத் தீப்பெட்டி மேல்தான் பழக்கம். ஒட்டகம், கங்காரு, நரி, பென்குயின் எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்கிறார். அவை எங்கே இருக்கின்றன, என்ன தின்கின்றன என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பிறகு பட்டாசுக் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் சரவெடிக்குச் சரம் பின்னினார். மருந்துப் பொடி ஒத்துக்கொள்ளாமல் இருமல் வந்து, டாக்டர் அந்தப் பக்கமே போகாதே என்று சொன்ன பிறகு, 2001இல் எங்களிடம் வந்தார்.

வந்த புதிதில் சார்ட்டுக்கு மேலும் கீழும் தகரப் பட்டை அடிக்கிற வேலை. பத்துப் பெண்கள் அந்த வேலையில் இருந்தார்கள். சுருட்டி வைக்கும் முன் சார்ட்டைப் படித்துப் பார்ப்பவர் இவர் ஒருவர்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது, "சார், திமிங்கலம் மீன் இல்லன்னு போட்டிருக்கீகளே, அப்ப அது குட்டிக்கு எப்படிப் பால் குடுக்கும், தண்ணி சேராதா?" என்று கேட்பார். எனக்குப் பாதி நேரம் பதில் தெரியாது. "அதெல்லாம் சொன்னா ஒனக்குப் புரியாது" என்று சோற்றைப் பிசைவேன். அது எனக்குக் கைவந்த பதில்.

கை சுத்தமாக இருக்கிறதென்று முதலாளி ராக்கப்பன் அண்ணாச்சிதான் அவரைப் பேஸ்டிங் மேசைக்கு மாற்றினார். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை அது. நான் தாளில் குறித்துக் கொடுத்தபடி, படங்களின் பிலிம் துண்டுகளை வெட்டிப் பெரிய பிலிமில் இடம் பார்த்து ஒட்ட வேண்டும். அதிலிருந்துதான் அச்சு மெஷினுக்குப் பிளேட் எடுப்பார்கள். ஒரு மயிரிழை தள்ளினாலும் அச்சில் தெரிந்துவிடும். ஆறு வயதிலிருந்து லேபிள் ஒட்டிய கைக்கு அது தள்ளவே இல்லை. வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து செய்கிற வேலை, பொடி இல்லை, இருமல் இல்லை. அந்த மேசைக்கு வந்த அன்று ஊரிலிருந்து எல்லோருக்கும் சீனிச்சேவு வாங்கி வந்தார்.

2004 ஏப்ரலில் 'உலகின் பெரிய பாலைவனங்கள்' என்று ஒரு புதுச் சார்ட்டுக்கு ஆர்டர் வந்தது. மதுரையில் பள்ளிக்கூடங்களுக்குச் சரக்கு கொடுக்கும் பெரிய ஏஜெண்ட் கேட்டது. நான் எழுதிக் கொடுத்தேன். முதலிடம் சகாரா, அப்புறம் அரேபியா, கோபி, கலஹாரி, தார் என்று வரிசை. குருவம்மாள் எழுத்துப் பிலிமை ஒட்டிக்கொண்டே வாசித்தார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"சார், மள கம்மியாப் பெய்யுற எடந்தான் பாலைவனம்னு மொத வரியில போட்டிருக்கீக."

"ஆமா."

"போன வருச கண்டங்கள் சார்ட்டுல, அண்டார்டிகாவுல மளையே கெடையாதுன்னு போட்டமே. அப்ப அதுவும் பாலைவனந்தான? அது சகாராவ விடப் பெருசுல்லா?"

"ஏ குருவம்மா, ஐஸ்கட்டி மேல ஒட்டகம் மேய்க்கப் போறியா?" என்றேன்.

மேசையில் அவரோடு வேலை பார்த்த நான்கு பெண்களும் சிரித்தார்கள். மெஷினில் இருந்தவரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். குருவம்மாளும் சிரித்தார். ஆனால் காது மடல் சிவந்துவிட்டது, நான் பார்த்தேன்.

வீட்டுக்குப் போய், பரணில் கிடந்த காலேஜ் புத்தகத்தைத் தூசி தட்டிப் புரட்டினேன். வருடத்துக்கு இருபத்தைந்து சென்டிமீட்டருக்குக் குறைவாக மழையோ பனியோ விழும் இடம் பாலைவனம். அண்டார்டிகாவின் உட்பகுதியில் ஐந்து சென்டிமீட்டர்கூடத் தேறாது. பரப்பு ஒரு கோடியே நாற்பது லட்சம் சதுர கிலோமீட்டர். உலகத்திலேயே பெரிய பாலைவனம் அதுதான். அடுத்தது வடதுருவத்து ஆர்க்டிக். சகாரா மூன்றாவதுதான். அந்த வரிகளின் கீழ் நானே பென்சிலால் கோடு போட்டிருந்தேன். பரீட்சைக்குப் படித்து, எழுதி, மறந்திருக்கிறேன். எட்டாவது படித்தவர் ஒரு சார்ட்டையும் இன்னொரு சார்ட்டையும் சேர்த்து யோசித்தே கண்டுபிடித்துவிட்டார்.

மறுநாள் காலையில் நேராக முதலாளியிடம் போனேன். "அண்ணாச்சி, வேற எந்தக் கம்பெனியும் போடாத மாதிரி ஒன்னு போடப்போறேன்" என்று விஷயத்தைச் சொன்னேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "படிச்சவன் படிச்சவந்தாம்லே" என்றார். குருவம்மாள் பெயர் என் வாயில் வரவில்லை. வர வேண்டும் என்று தோன்றவும் இல்லை. நான் புதிய தாளை மேசையில் வைத்தபோது, "போட்டுட்டீகளா சார், நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொன்னார் குருவம்மாள். தான் சொன்னதுதான் அது என்று ஜாடைகூடக் காட்டவில்லை.

அந்தச் சார்ட் அவருக்கு ரொம்பப் பிடித்துப் போனது. நமீபியாவில் மழை இல்லாததால், மூடுபனி வரும் நேரம் பார்த்து ஒரு வண்டு தலைகீழாக நின்று, முதுகில் படியும் ஈரம் வழிந்து வாய்க்கு வரும்வரை காத்திருக்கும் என்று எழுதியிருந்தேன். அதை நான்கு முறை வாசித்தார். சகாராவின் குட்டி நரிக்கு விசிறி மாதிரி காது, உடம்புச் சூட்டை வெளியே விடத்தான் அவ்வளவு பெரிது என்றதற்கு, "நம்ம ஊரு வெயிலுக்கு நமக்கும் அப்படி வளந்திருக்கணும்" என்றார். கோபியில் கோடையில் நாற்பது டிகிரி வெயில், குளிர்காலத்தில் பூஜ்யத்துக்கும் கீழே நாற்பது டிகிரி என்றதும், "அந்த ரெட்டத் திமில் ஒட்டகம் பாவம், எந்தச் சட்டையப் போடும்?" என்றார்.

"நம்ம ஊருக்கு எம்புட்டுப் பெய்யுது சார்?"

"எண்பது சென்டிமீட்டர் இருக்கும்."

"அப்ப நாம பாலைவனம் இல்ல. எங்கய்யாகிட்டச் சொன்னா அடிக்க வருவாரு." கத்தரியை வைத்துவிட்டு யோசித்தார். "மள கம்மின்னுதான் இங்கன பட்டாசு வந்துச்சும்பாக. சகாராவுல எம்புட்டுக் கம்பெனி போடலாம்! சரம் காயப்போட எடம் அம்புட்டுக் கெடக்கு."

அன்றைக்கு நானும் மனதாரச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஒன்றுதான் எங்களுக்குள் நல்லபடியாக நடந்தது.

மே மாதம் சார்ட் சீசன் உச்சத்தில் இருக்கும். ஜூனில் பள்ளி திறக்கும் முன் சரக்கு போயாக வேண்டும். மெஷின் காலியாகிப் பிளேட்டுக்குக் காத்திருந்தது. நான் கடைசி நேரத்தில் சேர்த்த இரண்டு பாலைவனங்களுக்குப் படம் இல்லை. ஆர்க்டிக்குக்கு வெள்ளை நரி கிடைத்தது. அண்டார்டிகாவுக்குப் பென்குயின் வேண்டும். தனியாக இருந்த பென்குயின் பிலிம் பறவைகள் சார்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துப் பிரஸ்களில் இதற்கு ஒரு வழி உண்டு. பட்டாசு லேபிள் பிலிம்கள் அலமாரி நிறையக் கிடக்கும், அதில் எடுத்துக்கொள்வோம். தேடினேன். கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு வரைந்த படம் ஒன்று கிடைத்தது. பனி மேல் ஒரு வெள்ளைக் கரடி, அதன் கைக்குள் அண்டிக்கொண்டு ஒரு பென்குயின். கரடி கையைத் தூக்கி மத்தாப்பு பிடித்திருந்தது. பிளேடால் மத்தாப்பை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, தாளில் 'கரடி, பென்குயின், லேபிள் பிலிம்' என்று குறித்துக் கொடுத்தேன்.

குருவம்மாள் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"சார், இந்தக் கரடி வடக்குல இருக்கறது. பென்குயின் தெக்கு. ரெண்டும் ஒன்ன ஒன்னு பார்த்ததே கெடையாது. கரடிய வெட்டிறவா?"

"வெட்டுனா பாதிப் பென்குயினும் போயிரும். ஒட்டு."

"இல்ல சார், பிள்ளைக பாக்கறது..."

"ஒட்டுன்னா ஒட்டு. சார்ட் வாங்குறவன் கரடிகிட்ட அட்ரஸா கேக்கப்போறான்?"

மறுபடியும் மேசையைச் சுற்றிச் சிரிப்பு. அவர் ஒட்டினார். துளிகூடத் தள்ளாமல் ஒட்டினார்.

ஜூன் மூன்றாம் வாரம் கட்டுக் கட்டாகச் சரக்கு திரும்பி வந்தது. கூடவே ஒரு தலைமை ஆசிரியை எழுதிய கடிதம். கரடியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். 'இதை எழுதியவர் எந்தப் பள்ளியில் படித்தார்?' என்று கேட்டிருந்தார். மதுரை ஏஜெண்ட் அந்த வருட ஆர்டர் மொத்தத்தையும் ரத்து செய்துவிட்டார். முதலாளி மேலே தன் அறையிலிருந்து கத்துவது கீழே வரை கேட்டது. "பால்பாண்டிய அந்த ஜாப் கவரை எடுத்துக்கிட்டு வரச் சொல்லு."

ஜாப் கவர் என்பது ஒவ்வொரு வேலைக்கும் உள்ள உறை. அதற்குள் என் கையெழுத்தில் குறிப்புத் தாள் இருந்தது. மாடிப்படிக்குப் போகும் வழியில் பேப்பர் ஸ்டோர் ரூம். அதற்குள் நுழைந்தேன். வேலை போனால் மல்லாங்கிணறுக்குத் திரும்பி அப்பாவோடு மிளகாய்ச் செடிக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஊரே என் பி.ஏ.வைச் சொல்லிக் காட்டும். இவ்வளவுதான் என் பயம். அந்தத் தாளைக் கிழித்து வாயில் போட்டு மென்றேன். அதே மாதிரித் தாளில் புதிதாக எழுதினேன். 'பென்குயின் மட்டும். கரடியை வெட்டி எடுத்துவிடவும்.' பிறகு அதை மடித்து, பிரித்து, மறுபடி மடித்து, பிரித்துப் பழசாக்கினேன். அப்படி மடித்த விரல்களால்தான் இதையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலாளி தாளைப் படித்தார். குருவம்மாளைக் கூப்பிட்டார். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் படி பக்கம் வந்து நின்றார்கள்.

"வெட்டச் சொல்லி எழுதியிருக்கான். ஏன் வெட்டல?"

குருவம்மாள் என்னைப் பார்த்தார். "சார், நான் கேட்டேன்லா... நீங்கதான்..."

"என்ன கேட்ட?" என்றேன். "எழுதிக் குடுத்தது கையில இருக்கு. வாசிச்சுப் பாரு."

அவர் தாளை வாங்கி வாசித்தார். உதடு அசைந்தது. திருப்பிப் பார்த்தார். திரும்ப வாசித்தார். அச்சிலும் தாளிலும் இருப்பதெல்லாம் நிஜம் என்று நம்பி வளர்ந்தவர் அவர். அவருடைய கண்ணில் முதலில் இருந்த கோபம் மெல்லக் கலங்கி, குழம்பி, பிறகு அணைந்து போனதை நான் கிட்டத்தில் நின்று பார்த்தேன்.

"நாந்தான் மறந்துட்டேன் போல" என்றார். "கேட்டமாதிரி நானா நெனச்சுக்கிட்டேன் போல."

"நாளையிலருந்து வர வேண்டாம்" என்றார் முதலாளி.

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போகும்போது, திரும்பி வந்த கட்டிலிருந்து ஒரு சார்ட்டை உருவிச் சுருட்டிக்கொண்டார். கேட்டில் நான் நின்றிருந்தேன். ஏன் அங்கே போய் நின்றேன் என்று எனக்கே தெரியாது. என் முன்னால் வந்து, "மன்னிச்சிருங்க சார். என்னால ஒங்க பேரும் கெட்டுப்போச்சு" என்றார். நான் தலையை ஆட்டினேன். மன்னித்தேன் என்று அர்த்தம்.

ஐந்து வருடம் ஓடியது. எனக்குக் கல்யாணம் ஆனது, சம்பளம் கூடியது. பேஸ்டிங் மேசைக்குப் பதில் கம்ப்யூட்டர் வந்தது. வெட்கம் தினமும் பிடுங்கித் தின்றது என்று எழுதினால் அதுவும் பொய். நன்றாகத்தான் சாப்பிட்டேன், தூங்கினேன். கரடி படம் போட்ட பெட்டியைக் கடையில் கண்டால் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

2009 ஏப்ரலில் சீசனுக்கு ஆள் போதவில்லை. ஆமத்தூர்ப் பக்கம் போய்ப் பெண்களைக் கேட்டு வரும்படி முதலாளி என்னை அனுப்பினார். அங்கே டீக்கடையில் விசாரித்தேன். "நல்ல கை வேணும்னா நம்ம குருவம்மாதான். சிவகாசியில பிரஸ்ல இருந்தவதான்" என்று கடைக்காரரே வீட்டைக் காட்டிவிட்டார். அப்படியே திரும்பிப் போனால் கடைக்காரர் என்ன நினைப்பார் என்று பயந்து, அந்த வீட்டை நோக்கி நடந்தேன். நல்லது செய்யவும் எனக்கு அடுத்தவர் பார்வை வேண்டியிருக்கிறது.

"வாங்க சார். சாப்பிட்டீகளா?" என்றார். ஆள் இளைத்திருந்தார். பேச்சுக்கு நடுவே இருமினார். விரல் நுனிகளில் அலுமினியப் பொடி மினுங்கியது. மறுபடியும் பட்டாசுக் கம்பெனிதான், அதே சரம் பின்னல்தான்.

உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் அந்தச் சார்ட் தொங்கியது. தகரப் பட்டை துருப்பிடித்திருந்தது. கரடி கையைத் தூக்கிக்கொண்டு அண்டார்டிகாவில் நின்றது.

"இதை ஏன் மாட்டி வச்சிருக்க... வச்சிருக்கீக?" என்றேன்.

"என் தப்பு கண்ணு முன்னால கெடக்கட்டும்னுதான் சார்" என்றார். "நான் கெட்டிக்காரின்னு ஒரு நெனப்பு இருந்துச்சு எனக்கு. அது வரும்போதெல்லாம் இதப் பார்த்துக்கிடுவேன்."

வேலைக்குக் கூப்பிட்டேன். வேண்டாம் என்றார். "கம்பெனியிலகூடச் செக்கிங்ல போடுறேன்னாக. மாட்டேன்னுட்டேன். வாசிக்க, பாக்க, சரி தப்பு சொல்லுற வேலையெல்லாம் எனக்கு ஆகாது சார். நடக்காதத நடந்ததா நெனச்சுக்கிடுற புத்தி எனக்கு. சரம்னா கை பாட்டுக்குப் பின்னும்."

என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து போயிருந்தால் இன்னும் ஐந்து வருடம் நன்றாகச் சாப்பிட்டிருப்பேன். ஆனால் அவர் பேசப் பேச, தாளை மென்ற அந்த ருசி நாக்கில் ஏறிக்கொண்டே வந்தது. சொல்லிவிட்டேன். ஸ்டோர் ரூம், கிழித்த தாள், மடித்து மடித்துப் பழசாக்கியது, எல்லாம்.

 அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அப்ப, ரெண்டும் ஒன்ன ஒன்னு பார்த்ததே கெடையாதுன்னு நான் சொன்னேனா?"

"சொன்னீக."

"கரடிய வெட்டிறவான்னு கேட்டேனா?"

"கேட்டீக."

"நீங்க அட்ரஸ் கேக்கப்போறானான்னு சொன்னீகளா? எல்லாரும் சிரிச்சாகளா?"

"ஆமாக்கா."

அவர் சுவரைப் பார்த்தார். "கனவுல கண்ட மாதிரியே இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் மாரிசாமிகிட்டக்கூடச் சொல்லல, பைத்தியம்னு சொல்லிருவாரோன்னு." குரல் திடீரென்று உயர்ந்தது. "அஞ்சு வருசம் என் கண்ண நானே நம்பலையே! வேல போனதுகூடப் போகுது. எங்கிட்ட இருந்து என்னத்தப் புடுங்கிட்டுப் போயிருக்கீகன்னு தெரியுதா ஒங்களுக்கு?"

"மன்னிச்சிருங்க."

"எங்கிட்டத் தனியா வந்து சொன்னா ஆச்சா? எல்லாரும் பாக்கத்தான என்னைச் சொன்னீக? அங்கன போயி, எல்லாரும் பாக்கச் சொல்லுங்க. சொல்லிட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. இப்ப எந்திரிங்க."

எழுந்தேன். மரியாதையாகத்தான் சொன்னார். கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலை.

திங்கட்கிழமை காலையில் முதலில் முதலாளியிடம் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்தே போனேன். அவர் காலண்டர் ஆர்டர் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தக் கரடிடா? அதெல்லாம் பளைய கதை, போய் வேலையப் பாரு" என்றார். ஐந்து வருடம் எதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அது நடக்கவே இல்லை. அதற்குத்தான் ஒரு மனுஷியைக் கெடுத்திருக்கிறேன்.

மத்தியானம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறக்கும் நேரத்தில் போய் நின்றேன். பாதிப் பேர் புதியவர்கள். பழைய பேஸ்டிங் மேசைக்காரர்களில் சுப்புத்தாய் மட்டும் இருந்தார். "குருவம்மா மேல ஒரு தப்பும் இல்ல. தாளை மாத்தி எழுதுனது நான்தான்" என்று சொல்லி முடித்தேன்.

புதியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுப்புத்தாய் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"தெரியும் சார்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நாங்க நாலு பேரும் மேசையிலதான நின்னோம். அவ கேட்டதும் காதுல விளுந்துச்சு, நீங்க சொன்னதும் விளுந்துச்சு. நீங்க சொன்னதுக்குச் சிரிக்கவும் செஞ்சோம். எங்க நாலு பேருக்கும் அன்னைக்கே தெரியும்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா எங்களையும் அவ கூடவே அனுப்பியிருப்பாக." ஒரு வாய் சாப்பிட்டார். பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இத்தன வருசம் களிச்சு இப்ப ஏன் சார்? சீசனுக்கு ஆளு கொறையுதுன்னா?"

ஐந்து வருடமாகக் காலையில் என்னைப் பார்த்து, "வாங்க சார்" என்று எழுந்து நின்றவர்கள் அவர்கள். தெரிந்துகொண்டே எழுந்து நின்றிருக்கிறார்கள். அந்த மேசையில் என் பொய்யை நம்பிய ஒரே ஆள், அந்தப் பொய் யார் தலையில் விழுந்ததோ அவர் மட்டும்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆமத்தூர் போனேன். குருவம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"சொல்லிட்டீகளா?"

"சொல்லிட்டேன்க்கா. எல்லாரும் பாக்கத்தான் சொன்னேன்."

"சுப்புத்தாய் இருந்தாளா? என்ன சொன்னா?"

நடந்தது நுனி நாக்கு வரை வந்தது. அதைச் சொன்னால், அன்றைக்குத் தன் கூட நின்ற நால்வரும் தெரிந்தே தன்னை அனுப்பிவிட்டு நின்றார்கள் என்று இவருக்குத் தெரியும். அந்த நால்வரோடுதான் மூன்று வருடம் தூக்குவாளியைப் பங்கு போட்டுச் சாப்பிட்டார். ஐந்து வருடம் கழித்துப் போன வாரம்தான் தன் கண்ணைத் திரும்ப நம்பத் தொடங்கியிருந்தார்.

"அப்படியே ஆடிப்போயிட்டாக்கா" என்றேன். "அய்யோ பாவி மனுசா, எங்களுக்குத் தெரியாமப் போச்சேன்னு அழுதுட்டா."

குருவம்மாளின் கண் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டார். "பாவம், அவளுக்கு என்ன தெரியும்" என்றார்.

உள்ளே போனார். ஆணியிலிருந்து சார்ட்டைக் கழற்றும் சத்தம் கேட்டது. தகரப் பட்டையோடு சுருட்டி, சரம் கட்டும் நூலால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொண்டு வந்து என் கையில் வைத்தார்.

"இது இனிமே ஒங்க வீட்டுல தொங்கட்டும்" என்றார். "தப்பு பண்ணவுக வீட்டுலதான தொங்கணும்."

மாட்டியிருக்கிறேன். நான் உட்கார்ந்து எழுதும் இடத்துக்கு நேர் எதிரில். வீட்டுக்கு வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே, அண்டார்டிகாவில் ஏது கரடி என்று கேட்கிறார்கள். யார் ஒட்டியது இது என்கிறார்கள். குருவம்மாள் என்ற ஒருவர் ஒட்டியது, ஒட்டச் சொன்னவன் நான் என்று ஒவ்வொரு முறையும் முழுக்கச் சொல்கிறேன். சுப்புத்தாய் அழுததாகச் சொன்னதை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.